வாசகர் கேள்வி பதில்: டின் சோலார் செல்லும் அதுக்கு அடியில போடுற ஒத்த மூலக்கூறு படலமும்

போன இதழ்ல பெரொவ்ஸ்கைட்னு ஒரு புது மாதிரி சோலார் செல் பத்தி எழுதும்போது, ஈயத்துக்குப் பதிலா டின் போட்டு ஒரு கூட்டம் ஆராய்ச்சி பண்ணுது, இப்ப அதுக்கு அடியில ஒரே ஒரு மூலக்கூறு கனத்துல ஒரு படலம் போட்டுப் பாக்குறாங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விதான் மத்த எல்லாத்தையும் விட கூட. அதனால இந்த தடவை முழுக்க இதே தான், கரண்ட் பில் கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல. டின்னுன்னு நான் சொல்றது பாடப்புத்தகத்துல வர்ற வெள்ளீயம்.

கேள்வி: சேர், நான் ஏ.எல். கெமிஸ்ட்ரி படிக்கிறேன். ஈயம் போட்ட செல் நல்லா வேலை செய்யுதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க, அப்புறம் எதுக்கு டின்? அந்த படலம் எந்த இடத்துல வருது? – மாணவி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, மொதல்ல செல்லுக்குள்ள என்னென்ன அடுக்கியிருக்குன்னு பாத்துருவோம். கீழ கண்ணாடி, அது மேல ஐ.டி.ஓ.ன்னு கரண்டும் கடத்தும் வெளிச்சமும் விடும் ஒரு பூச்சு, அதுக்கு மேல ஹோல் எடுத்துப்போற ஒரு அடுக்கு, அதுக்கு மேலதான் வெளிச்சத்தைப் பிடிக்கிற பெரொவ்ஸ்கைட், அதுக்கு மேல இலத்திரன் எடுத்துப்போற அடுக்கு, கடைசியா உலோகம். வெளிச்சம் கண்ணாடி பக்கமா உள்ள வந்து பெரொவ்ஸ்கைட்ல இலத்திரனைக் கிளப்பி விடும், இலத்திரன் மேல போகணும், அது விட்டுட்டுப் போன இடம், அதைத்தான் ஹோல்னு சொல்றோம், அது கீழ போகணும், ரெண்டும் வழியில ஒண்ணோட ஒண்ணு சேந்துட்டா சூடா போயிரும், கரண்ட் வராது. அவ்வளவுதான் கதை.

2009ல ஜப்பான்ல மியாசக்கா குழு இதை மொதல்ல செஞ்சப்ப விழுற வெளிச்சத்துல கரண்டா கிடைச்சது 3.8 சதவீதம். இன்னைக்கு ஆய்வுகூடத்துல 26ஐத் தாண்டிருச்சு, சிலிக்கன் பல வருஷமா ஏறின ஏத்தத்தை இது பதினைஞ்சு வருஷத்துல ஏறிருச்சு. ஆனா அந்த 26 எல்லாம் ஈயம் போட்டது. ஈயம் விஷம், மழையில கரைஞ்சு வெளிய வந்தா என்னன்னு ஒரு பயம், அது ஒரு காரணம், அதை கீழ தலவாக்கலை கேள்வியில சொல்றேன். இன்னொரு காரணம் பெருசா யாரும் சொல்றதில்ல. பட்டை இடைவெளின்னா இலத்திரனைக் கிளப்பி விட வெளிச்சம் குடுக்க வேண்டிய ஆகக்குறைஞ்ச சக்தி, அது எவ்வளவு இருந்தா ஒத்த செல்லுல ஆகக்கூட கரண்ட் எடுக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு, ஷொக்லி குவைசர் கணக்கு, 1961ல வந்தது, அதுப்படி 1.34 இலத்திரன்வோல்ற்று பக்கத்துல இருந்தா ஏறக்குறைய 33 சதவீதம். ஈயம் போட்டது 1.5ல இருந்து 1.6, டின் போட்டது 1.4 கிட்ட. அப்ப கணக்குப்படி பாத்தா டின்தான் முன்னுக்கு நிக்கணும்.

நிக்கல. 2014ல ஒக்ஸ்போர்டுலயும் அமெரிக்காவுல நோர்த்வெஸ்டர்ன்லயும் ஒரே வருஷத்துல டின் செல் வந்துச்சு, ரெண்டும் 6 சதவீதம் கிட்ட. இப்ப நல்ல செல்லுங்க 15ஐத் தாண்டியிருக்கு, ஈயத்துக்குக் கிட்ட இன்னும் வரல.

காரணம் உங்க ஏ.எல். புத்தகத்துலயே இருக்கு. கூட்டம் 14ல கீழ போகப் போக அந்த கடைசி ரெண்டு s இலத்திரனை விட்டுக்குடுக்க மனசு வராது, ஈயம் ரெண்டு இலத்திரனை மட்டும் குடுத்துட்டு +2லயே உறுதியா நிக்கும், அதுக்கு ஒரு படி மேல இருக்குற டின் அப்படி இல்ல, கொஞ்சம் ஒட்சிசன் கிடைச்சா போதும் +2ல இருந்து +4க்கு ஓடிரும். பளிங்குக்குள்ள டின் இருக்க வேண்டிய இடம் காலியாகும், ஒவ்வொரு காலி இடமும் வேண்டாத ஹோலை உண்டாக்கும், இலத்திரன் போற வழியெல்லாம் அந்த ஹோல் நிக்கும், சேந்து அழிஞ்சிரும். இதோட முடியல, +4 ஆன டின் அயடைட்டு ஈரத்தோட சேந்தா ஐதரசன் அயடைட்டு வரும், அது ஒட்சிசனோட சேந்தா அயடீன் வரும், அந்த அயடீன் திரும்ப மிச்சமிருக்குற டின்னையும் ஒட்சியேத்தும், ஒரு தடவை ஆரம்பிச்சா தானே தன்னைத் தள்ளிக்கிட்டு போற சுத்து. அதனாலதான் டின் புளோரைட்டு கொஞ்சம் சேத்துத்தான் எல்லாரும் செய்றாங்க, +2 டின் கூடவே இருந்தா காலி இடம் குறையும்.

இப்ப உங்க படலம். ஹோல் எடுத்துப்போற அடுக்குன்னு சொன்னேனே, டின் செல்லுல ரொம்ப காலமா அங்க போடுறது பெடொட் பி.எஸ்.எஸ்.னு ஒரு பொலிமர். தண்ணியில கரைச்சுப் பூசுறது, சுலபம், மலிவு. ஆனா அது அமிலம், ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். மேல சொன்ன அந்த சுத்துக்கு என்ன வேணும்? ஈரம். அதை டின்னுக்கு நேர கீழயே பாய் மாதிரி விரிச்சு வச்சுட்டு மேல எவ்வளவு நல்லா மூடினாலும் என்ன பிரயோசனம்னு எனக்கு எப்பவும் தோணும். அதை எடுத்துட்டு, தானா வரிசை கட்டி நிக்கிற சேதன மூலக்கூறு ஒரே ஒரு அடுக்கு போடுறாங்க, சாம்னு சுருக்கமா சொல்றாங்க. நர்சரியில தேயிலைக் கன்னு நட்ட மாதிரின்னு நினைச்சுக்கோங்க: வேர் பக்கம் பொஸ்போனிக் அமிலத் தொகுதி, அது ஐ.டி.ஓ. மேற்பரப்புல இருக்குற ஒட்சைட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும், நடுவுல சின்னதா ஒரு காபன் தண்டு, மேல தலைக்கு கார்பசோல் மாதிரி வளையம், அது ஹோலை வாங்கி கீழ குடுக்கும். பிடிச்ச மூலக்கூறு மேல இன்னொண்ணு வந்து அதே மாதிரி பிடிக்க இடமில்லாததால ஒரு அடுக்கோட நின்னுரும், மிச்சத்தை எதனோல்ல கழுவி விட்டுரலாம். கனம் ஒண்ணு ரெண்டு நனோமீற்றர். பெடொட் பூசுறது முப்பது நாப்பது நனோமீற்றர் வரும், அதோட அது வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்னும், சாம் ஏறக்குறைய ஒண்ணும் தின்னாது.

கேள்வி: ஈயம் போட்ட செல்லுல இந்த மூலக்கூறுங்க நல்லா வேலை செய்யுதுன்னா அதையே தூக்கி டின்னுக்குப் போட வேண்டியதுதானே, இதுல என்ன ஆராய்ச்சி? – விஞ்ஞான ஆசிரியை, பதுளை

பதில்: டீச்சர், எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நினைச்சாங்க. 2020ல பெர்லின்ல இருக்குற ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையமும் லித்துவேனியாவுல கௌனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேந்து மீ-4பி.ஏ.சி.இசட்.னு ஒரு மூலக்கூறை வச்சு சிலிக்கன் மேல பெரொவ்ஸ்கைட் ஏத்தின செல்லுல 29.15 சதவீதம் எடுத்தாங்க, அதுக்குப் பிறகு ஈயம் போடுறவங்க பெரும்பாலும் இந்த குடும்பத்துக்கே மாறிட்டாங்க. டின்காரங்களும் அதையே எடுத்துப் போட்டாங்க, பெடொட்டை விட கீழ போச்சு.

ஏன்னா மூணு வம்பு. மொதல் வம்பு சக்திமட்டம். டின் பெரொவ்ஸ்கைட்டோட மட்டங்கள் ஈயத்தை விட மேல இருக்கு, ஹோல் நிக்கிற மட்டம் வெற்றிடத்துக்குக் கீழ 5 இலத்திரன்வோல்ற்று, கொஞ்சம் கூட குறைய. கார்பசோல் மட்டும் உள்ள 2பி.ஏ.சி.இசட். 6 கிட்ட, ரொம்ப ஆழம், ஹோலுக்கு அங்க போக வழியே இல்ல, சுவர் மாதிரி நிக்கும். மெதொக்சி தொகுதி ரெண்டு ஒட்டின மாதிரி ஒண்ணு இருக்கு, அது 5.1க்கு வரும், அதனால டின்காரங்க கையில மொதல்ல எடுத்தது அதைத்தான்.

ரெண்டாவது வம்பு ஒட்டுறது. இந்த மூலக்கூறுங்களோட தலை எண்ணெய்ப் பசை மாதிரி, அதுலயும் மேல சொன்ன மீ-4பி.ஏ.சி.இசட். மாதிரி மெதைல் போட்டது ரொம்ப மோசம், மேல பெரொவ்ஸ்கைட் கரைசலை ஊத்தினா பரவாது, சேம்பு இலையில தண்ணி மாதிரி ஓடிரும். ஈயத்துக்கு அது மெல்லமா பளிங்காகும், சமாளிக்கலாம். டின் அயடைட்டு ஈயத்தை விட வேகமா பளிங்காகுற சாமான், பரவாம கிடக்கும்போதே அங்கங்க கட்டி, அங்கங்க ஓட்டை. தாய்வான்ல டியாவு குழு 2021ல இதுக்கு ஒரு வழி செஞ்சாங்க, ரெண்டையும் கலந்து ஊத்தாம மொதல்ல டின் அயடைட்டை மட்டும் பூசி அது மேல சேதன உப்பைப் போட்டாங்க, அந்த மெதொக்சி மூலக்கூறு மேல, 6.5 சதவீதம் கிடைச்சுச்சு. சின்ன எண்ணிக்கைதான், ஆனா சாம் மேல டின் நிக்கும்னு அப்பதான் தெரிஞ்சுச்சு, அது பெரிய விஷயம்னு நான் சொல்வேன்.

மூணாவது வம்பு கரைப்பான். பெரொவ்ஸ்கைட்காரங்க எல்லாரும் பளிங்காகுறதை மெதுவாக்க டி.எம்.எஸ்.ஓ.ன்னு ஒரு கரைப்பான் சேப்பாங்க, டின்னுக்கு அதுவே எதிரி, சூடாக்கும்போது அதுல இருக்குற ஒட்சிசனைக் குடுத்து டின்னை ஒட்சியேத்தி விட்டுரும். அதை எடுத்துட்டா பளிங்காகுறது இன்னும் வேகம். ஒரு பக்கம் இழுத்தா மறு பக்கம் போகுது.

அதனாலதான் டீச்சர், டின்னுக்குன்னே மூலக்கூறை வடிவமைக்கணும்னு வந்து நிக்கிறாங்க. அதே பெர்லின், கௌனாஸ் கூட்டம் 2025ல கார்பசோலை விட்டுட்டு பீனோதயசின்னு, நைதரசனும் கந்தகமும் உள்ள வளையத்தை தலையா வச்சு ஒண்ணு செஞ்சாங்க, 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. கந்தகம் எதுக்குன்னா டின்னுக்கு கந்தகத்தோட ஒட்டு கூட, அப்ப பளிங்கு ஆரம்பிக்கிற இடமே அந்த தலைதான், அடியிலயே ஒழுங்கா அமர்ந்தா மேல வர்றதும் ஒழுங்கா வரும். தாய்வான்காரங்க வேற வேற வளையம் வச்சு முயற்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க.

இதைக் கேட்டுட்டு, 15ஐ விட 8 சின்னதுதானே, அப்ப பெடொட்தானே ஜெயிச்சதுன்னு நீங்க கேக்கலாம். கேக்கத்தான் வேணும். நேர் பதில்: ரொம்ப காலமா டின் செல்லுல பெரிய எண்ணிக்கையை எல்லாம் பெரும்பாலும் பெடொட்தான் எடுத்துச்சு, சாம் பின்னாலதான் வந்துச்சு. ஆனா ஒரு ஊர்ல ஒரு செய்முறையில எடுத்த எண்ணையும் வேற ஊர்ல வேற செய்முறையில எடுத்த எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாக்கக்கூடாது, ஒரே ஆய்வுகூடத்துல ஒரே கரைசலை பெடொட் மேலயும் சாம் மேலயும் ஊத்தின கணக்குதான் கணக்கு. பத்து வருஷம் பெடொட்டை வச்சு கரைசலைத் திருத்தித் திருத்தி வந்திருக்காங்க, சாமுக்கு அந்த வயசு ஆகல. என் கட்சி என்னன்னா, மழையும் வெயிலும் படுற கூரையில அமிலமும் ஈரமும் உள்ள அடுக்கு மேல டின் நிக்காது, எண்ணிக்கை எவ்வளவு வந்தாலும்.

கேள்வி: எங்க வீட்டுக்கு கீழ ஆறு, மேல தேயிலை. இந்த ஈயம் போட்ட பேனல் உடைஞ்சா மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன ஆகும்? பயப்படணுமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: ஐயா, ஒரு கணக்கு போடுவோம். பெரொவ்ஸ்கைட் அடுக்கு அரை மைக்ரோமீற்றர் கனம்னு வச்சா ஒரு சதுர மீற்றருக்கு வர்ற ஈயம் ஏறக்குறைய 0.7 கிராம். ஒரு வீட்டுக் கூரையில 20 சதுர மீற்றர் போட்டா 14 கிராம். உங்க லொறி பற்றரிக்குள்ள கிலோக்கணக்குல ஈயம் இருக்கு, அதைப் பாத்து யாரும் பயப்படல. அப்ப சும்மா விடலாமா? விட ஏலாது, ஏன்னா பற்றரியில இருக்குற ஈயம் கெட்டியா பெட்டிக்குள்ள இருக்கு, பெரொவ்ஸ்கைட்ல இருக்குறது ஈய அயடைட்டா வெளிய வரும், ஈய அயடைட்டு தண்ணியில லீற்றருக்கு முக்கால் கிராம் வரைக்கும் கரையும். குடிதண்ணியில ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு சதுர மீற்றர்ல இருக்குற 0.7 கிராமை அந்த எல்லைக்குக் கீழ கொண்டு வர 70,000 லீற்றர் தண்ணி வேணும்.

மண்ணு விஷயத்துல 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, புதினாச் செடியை வச்சு செஞ்சது, பெரொவ்ஸ்கைட்ல இருந்து வர்ற ஈயம் மண்ணுல ஏற்கனவே கிடக்குற மத்த ஈயத்தை விட பத்து மடங்கு சுலபமா செடிக்குள்ள போகுதுன்னு. தேயிலைக்கு அப்படியே பொருந்துமான்னு அதை வச்சு சொல்லக்கூடாது, ஆனா கொழுந்து பறிச்சு வித்து சாப்பிடுற ஊருக்கு அந்த செய்தி காதுல விழணும். மகாவலியும் களனியும் நம்ம மலையிலதான் ஆரம்பிக்குது, கொழும்புல குடிக்கிற தண்ணி பெரும்பாலும் அம்பத்தலையில களனியில எடுக்குறது.

டின் ரொம்ப நல்ல பிள்ளைன்னும் நினைச்சுறாதீங்க. 2016ல வரிக்குதிரை மீன் முட்டைகளை வச்சு பாத்தப்ப டின் அயடைட்டு தண்ணியை ஈயத்தை விட கூட அமிலமாக்கி மீனைக் கொன்னுச்சு. விஷம் டின்னு இல்ல, அந்த அமிலம், நீர்த்துப் போச்சுன்னா அமிலம் போயிரும், ஈயம் போகாது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் டின் பக்கம் நான் நிக்கிறேன்.

கேள்வி: இது வர்ற வரைக்கும் காத்திருக்கவா, இல்ல இப்பவே சோலார் போடவா? – வாசகர், பண்டாரவளை

பதில்: போடுங்க. சாதாரண சிலிக்கன் பேனலே போடுங்க, 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருட்டுல கிடந்தது மறந்துருச்சா? டின் செல் இன்னும் ஆய்வுகூடத்தை விட்டு வெளிய வரல. இன்னொண்ணு, சிலிக்கன் ஒரு பாகை சூடேறினா 0.3ல இருந்து 0.4 சதவீதம் இழக்கும், நம்ம பக்கம் குளிர், அந்த நட்டம் ஹம்பாந்தோட்டையை விட நமக்குக் குறைவு. பனி மூடுற நாள்ல கரண்ட் குறையும், அது எந்த பேனலா இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: அந்த மூலக்கூறு பவுடர் ரொம்ப விலையாமே? கிராம் கணக்குல விக்கிறாங்களாம், அப்ப எப்படி கூரைக்கு வரும்? – வாசகி, மஸ்கெலியா

பதில்: அக்கா, கிராம் விலையைப் பாத்து பயப்படாதீங்க, எவ்வளவு தேவைன்னு பாருங்க. 2பி.ஏ.சி.இசட். மூலக்கூறு நிறை 275, ஒரு கிராம்ல எத்தனை மூலக்கூறுன்னு அவகாதரோ எண்ணை வச்சுப் பிரிச்சு, ஒண்ணு நிக்க அரை சதுர நனோமீற்றர் இடம் வேணும்னு வச்சா, ஒரு கிராம் கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றரை மூடும். அது 40 பேர்ச்சஸ், கால் ஏக்கர். வீடு கட்ட குடுக்குற 7 பேர்ச்சஸ் காணி அஞ்சுக்கு மேல ஒரே கிராம்ல முடிஞ்சிரும். நடைமுறையில ஊத்துறதுல பெரும்பகுதி கழுவுறப்ப போயிரும், பத்து மடங்கு வீணாப் போனாலும் நாலு பேர்ச்சஸ் வரும்.

செலவு இருக்குறது வேற இடத்துல. கண்ணாடி பெருசாக ஆக ஐ.டி.ஓ. மேற்பரப்பு மேடும் பள்ளமுமா இருக்கும், அந்த மூலக்கூறுங்க எதனோல்லயே ஒண்ணோட ஒண்ணு கூட்டம் கூடி கட்டி கட்டியா நிக்கும், அங்கங்க மூடாத இடம் விடும். விட்ட இடத்துல பெரொவ்ஸ்கைட் நேரா ஐ.டி.ஓ.வைத் தொட்டு கரண்ட் கசியும். மேல ஊத்துற கரைசலும் சரியா பிடிக்காத மூலக்கூறைப் பேத்து எடுத்துட்டுப் போயிரும். நகம் அளவு செல்லுல வர்ற எண்ணிக்கை ஜன்னல் அளவு பேனல்ல வராததுக்கு இதுவும் ஒரு காரணம், ரெண்டு விதமான மூலக்கூறைக் கலந்து போட்டு சின்னது பெருசோட இடைவெளியை நிரப்புற வழியும் பாக்குறாங்க.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் தாய்வான்காரன் வேலை, நம்ம ஊர்ல யாராவது ஏதாவது செஞ்சிருக்காங்களா? – வாசகர், கம்பளை

பதில்: தம்பி, உங்க ஊர்ல இருந்து பஸ்ஸுல போற தூரத்துலயே இருக்கு. கண்டி ஹந்தானையில அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு இருக்கு, ஐ.எப்.எஸ்.னு சொல்வாங்க, அங்க பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் குழு 1990கள்ல, வெளிச்சத்தைப் பிடிக்க சாயம் போட்ட சோலார் செல்லுல உலகம் திரும்பிப் பாத்த வேலை செஞ்சாங்க. அந்த செல்லுக்குள்ள திரவம் இருக்கும், அது கசியும், ஆவியாகும். 1995ல திரவத்துக்குப் பதிலா செம்பு அயடைட்டுன்னு திண்மத்தைப் போட்டு காட்டினாங்க. அப்புறம் டின் ஒட்சைட்டும் நாக ஒட்சைட்டும் கலந்த செல்லும் அங்க இருந்து வந்துச்சு.

இதுக்கும் பெரொவ்ஸ்கைட்டுக்கும் என்ன சம்பந்தம்னா, 2009ல மியாசக்கா செஞ்சதே சாயம் போட்ட செல்லுதான், சாயத்துக்குப் பதிலா பெரொவ்ஸ்கைட்டைப் போட்டார், உள்ள திரவம்தான், அதுல பெரொவ்ஸ்கைட் சில நிமிஷத்துல கரைஞ்சு போச்சு. 2012ல திரவத்தை எடுத்து திண்மத்தைப் போட்டப்பதான் 10 சதவீதத்துக்குக் கிட்ட தாவுச்சு. திரவத்தை எடு, திண்மத்தைப் போடுங்குற அந்த யோசனையை ஹந்தானை மலையில அதுக்கு முன்னாலயே கையில வச்சிருந்தாங்க. இதை நம்ம பிள்ளைங்க பாடத்துல படிக்கிறதில்ல, எனக்கு அதுல கோவம்.

கேள்வி: சேர், ஸ்கூல் விஞ்ஞானக் கண்காட்சிக்கு டின் சோலார் செல் வீட்டுல செய்யலாமா? – மாணவன், பொகவந்தலாவை

பதில்: ஏலாது தம்பி. ஒட்சிசனும் ஈரமும் இல்லாத நைதரசன் பெட்டிக்குள்ள கையுறை போட்டு செய்ற வேலை இது, பொகவந்தலாவை மழையில டின் அயடைட்டு போத்தலைத் திறந்தா உங்க கண்ணு முன்னாலயே கெட்டுப் போகும், கரைப்பானும் தோல் வழியா உள்ள போற சாமான். அதுக்குப் பதிலா தென்னகோன் வேலை செஞ்ச வகையைப் பிடிங்க: ஐ.டி.ஓ. மாதிரி கடத்துற கண்ணாடி ரெண்டு, டைட்டேனியம் ஒட்சைட்டு பவுடர், அயடீன் கரைசல், நாகப்பழச் சாறு. வோல்ற்றுமானியில அரை வோல்ற்றுக்குக் கிட்ட காட்டும். கண்ணாடிக்கு பேராதனைப் பல்கலைக்கழகத்துல பௌதிகவியல் பக்கம் டீச்சரை வச்சு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்க, பவுடரைக் குழைக்க கொஞ்சம் வினாகிரி போதும், சுடும்போது மட்டும் பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கணும், 450 பாகை வரைக்கும் போகும்.